அவர் அடுக்கி வைத்த கரி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில்தான் என் இஸ்திரி வண்டி நிற்கும். படுதாவைப் போட்டுக் கட்டிவிட்டுப் பத்தடி நடந்தேன். பெட்டியில் நெருப்பு அணைந்ததா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தேன், முந்தாநாள் மாலையிலிருந்தே அது ஜில்லென்று கிடக்கிறது. தெரிந்தும் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். அன்றிலிருந்து நெருப்போடுதான் பிழைப்பு, ஆனாலும் பயம் விட்டபாடில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை செல்வி வீட்டுக்குப் போகிறேன். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்று சாயந்திரம் ஆறு மணிக்கு விளக்கேற்றிப் படையல். இலையில் அவர் கையால் செய்கிற மாதிரியே புகையில் வெந்த ஆட்டுத் தொடை இருக்க வேண்டும் என்று செல்வி சொல்லிவிட்டாள். "நீ செய்யிறியாண்ணே?" என்று போனில் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

மச்சான் குவைத்தில் ஒன்பது வருஷம் வெல்டர். அங்கே ஓர் என்ஜினியர் வீட்டுத் தோட்டத்தில் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் தானே ஒரு டிரம் அடுப்பு செய்தார். கடலை எண்ணெய் வந்த டிரம்மை மூன்று முறை வெறுமனே எரித்துச் சுத்தம் பண்ணினார். அடியில் கரிக்கூடை, நடுவில் கம்பி வலை, மேலே மூடி. காற்று உள்ளே போகக் கீழே ஒரு துளை, புகை வெளியே போக மூடியில் ஒரு குழாய், சூடு காட்ட ஒரு முள். கறியில் தீ படவே படாது. சூடும் புகையும் மட்டும் ஆறு மணி நேரத்தில் அதை வேகவைக்கும்.

காலை ஐந்தே முக்கால். மார்க்கெட் ஓரத்தில் கரிக்கடை பாய் அப்போதுதான் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா, ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டீங்களா? உங்களுக்குத் தேங்காய் ஓட்டுக் கரிதானே?"

"பொட்டிக்கு இல்ல பாய். டிரம் அடுப்புல ஆட்டுத் தொடை வைக்கணும்."

"அப்ப அது வேணாம். ஓட்டுக் கரி சட்டுனு ஜாஸ்தி சூடாயி சட்டுனு படுத்துக்கும். சவுக்கும் வேணாம், கையில புடிச்சாலே பொடியாவுது. வேலிக்காத்தான் எடுங்க. நின்னு எரியும்."

ஓரத்தில் ஒரு மலிவுச் சாக்கு இருந்தது. அதைக் கேட்டேன். பாய் தலையை ஆட்டினார். "குறிஞ்சிப்பாடி பக்கத்துலேர்ந்து வந்தது. முந்திரிக்கொட்டை ஓடு கலந்திருக்கும். அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் புடுங்கிடும். சூளைக்குப் போடலாம், சோத்துக்கு ஆவாது."

வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலங் கரியை ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினேன். நல்ல கரி கிண்ணென்று கேட்கும். உடைத்தால் உள்ளே பளபளக்கும். ஈரம் பட்டது தொப்பென்று கேட்கும். உள்ளே பழுப்பாக இருந்தால் அது அரைவேக்காட்டு விறகு, கறியைக் கசக்கவைத்துவிடும். கிலோ நாற்பத்தைந்து ரூபாய், எட்டுக் கிலோ. பாய் கொட்டாவி விட்டார். "பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ நேரம் பாத்திருக்கமாட்டீங்க."

காலை ஆறரை. பஸ்ஸில் டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மூட்டையைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னாய்யா மூட்டை?" என்றார் கண்டக்டர்.

"கரி சார்."

"எரியுற கரியா, எரியாத கரியா?"

"எரியாததுதான் சார்."

"அப்புறம் ஏன் அதப் புடிச்சிக்கிட்டு நிக்கிற? உக்காரு. எறங்கி ஓடிடாது."

சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். செம்மங்குப்பத்தில் ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறி, ஏறியவுடனே தூங்கிப்போனார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். போன மாசியில் இதே வழியில்தான் நடு மத்தியானம் போனேன். மச்சானுக்கு நெஞ்சு வலி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஆலப்பாக்கத்தில் ஒரு தடவை, புதுச்சத்திரத்தில் ஒரு தடவை செல்விக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை, வெள்ளாற்றுப் பாலத்தில், வேறு யாரோ எடுத்தார்கள். இன்றும் பாலம் வந்தபோது கை தானாகப் பையில் இருந்த போனைத் தேடியது.

காலை எட்டேகால். செல்வி வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை. அடியில் டிரம், அதன்மேல் தார்ப்பாய். ஒரு வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. சிமெண்டுத் தரையில், டிரம்மிலிருந்து நாலடி தள்ளி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. அது எனக்காக அவர் போட்டது. நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். திறந்தால் சூடு விழுந்துவிடும், மறுபடி ஏற அரை மணி ஆகும். இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை பெயிண்டு டப்பாவை எடுத்துவந்தார். "கரி வாங்க உன்ன விட்டா ஆளில்ல மச்சான். ஆனா இந்தக் கோட்டத் தாண்டின, தொடை உன்னுதுதான்."

கோட்டுக்கு முன்னால் நின்றேன். இன்றைக்குத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

மூடியைத் தூக்கினேன். கூடை நிறையக் கரி. ஒரு வருஷத்துக்கு முந்தி, அவர் போன அன்று, சனிக்கிழமை காலையில் அவர் அடுக்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கறி போடுவதாக இருந்தார். பெரிய துண்டுகள் ஓரத்தில், சின்னவை உள்ளே, நடுவில் இரண்டு கை அள்ளி எடுத்த மாதிரி ஒரு குழி. செல்வி எட்டிப் பார்த்தாள். குழியின் ஓரத்தை விரலால் தொட்டாள். பிறகு, "அத எடுத்துக் கொட்டிடாதண்ணே" என்றாள்.

தட்டிப் பார்த்தேன். மேலே இருந்தவை கிண்ணென்றன. அடியில் இருந்தவை மழைக்காலத்து ஈரத்தைக் குடித்திருந்தன. ஈரக் கரி வெடிக்கும், பொறி தெறிக்கும். இதை நம்பிப் படையலை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "கொட்டல செல்வி. வெயில்ல போடறேன்" என்று ஒரு தகரத்தில் பரப்பினேன். அடுக்கு கலைந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

பத்து மணி. கூடையில் என் புதுக் கரியைப் போட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, நாற்றம் கறியில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் நாரில் பற்றவைத்தேன். அப்புறம் என் கை என்னைக் கேட்கவில்லை. முப்பது வருஷமாக இஸ்திரிப் பெட்டியில் என்ன செய்கிறதோ அதையே செய்தது. விசிறியை எடுத்து விசிறி, மொத்தக் கரியையும் சிவக்கவைத்துவிட்டேன். மூடியைப் போட்டேன். மச்சான் முள்ளுக்குப் பக்கத்தில் நூற்றுப்பத்துக்கும் நூற்றுமுப்பதுக்கும் இடையில் சிவப்புப் பெயிண்டு அடித்து வைத்திருந்தார். முள் அதைத் தாண்டி நூற்றைம்பதுக்குப் போனது, நூற்றெண்பதைத் தொட்டும் நிற்கவில்லை.

பயத்தில் கீழ்த் துளையை மூடினேன். போதாதென்று மேல் குழாயையும் அடைத்தேன். மூடியின் இடுக்கிலெல்லாம் வெள்ளைப் புகை திரண்டு வந்தது.

மச்சானின் அண்ணன் வந்து நின்றார். "என்னா மச்சான், கொசு வெரட்டுறியா? பிரியாணிக்கு அண்டா தயாரா வச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லு."

"இல்ல மாமா, ஆயிடும்."

"ஆறு மணிக்கு வெளக்கு. அவன் வந்து காத்துக்கிட்டு நிக்கமாட்டான்."

செல்வி கறித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். முந்தின ராத்திரியே உப்பு, மிளகு, பூண்டு தடவி வைத்தது. "அண்ணே, அவரு மேல் குழாய ஒரு நாளும் மூடமாட்டாரு" என்றாள். "புகை உள்ள தங்குனா கசக்கும்பாரு. அதோட, கொஞ்சூண்டு நெருப்பத்தான் நடுவுல வைப்பாரு. மிச்சத்த அதுவா புடிச்சிக்கும்."

நாலு வருஷம் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அதைத்தான் பார்த்தேன். அந்தக் குழி அதற்குத்தான். என் கைக்குத்தான் ஏறவில்லை. வண்டியில் துணி காத்திருக்கும், சூடு உடனே வேண்டும். இங்கே நெருப்பு நடக்கிற நடையில்தான் நாமும் நடக்க வேண்டும்.

கிடுக்கியால் எரிகிற கரி அத்தனையையும் மணல் வாளியில் எடுத்துப் போட்டேன். வெயிலில் காய்ந்த மச்சானின் கரியை மறுபடி தட்டிப் பார்த்தேன். அடியில் இருந்தவையும் இப்போது சத்தம் கொடுத்தன. பெரியவை ஓரத்தில், சின்னவை உள்ளே, நடுவில் குழி. செல்வி பக்கத்தில் குந்தி, "இன்னும் அகலமா" என்றாள். குழியில் எட்டே எட்டு நெருப்புத் துண்டு. மேலே தோட்டத்துக் கொய்யாக் கட்டை இரண்டு. மேல் குழாய் முழுக்கத் திறப்பு, கீழ்த் துளை கால் பங்கு.

பதினொன்று இருபது. முள் மெல்ல ஏறியது. எண்பது, தொண்ணூற்றைந்து, நூற்றுப் பதினைந்து. அங்கேயே நின்றது. வெள்ளைப் புகை போய், குழாயிலிருந்து நூல் மாதிரி நீலப் புகை கிளம்பியது. கறியை வைத்து மூடினேன். ஆறு மணிக்கு இன்னும் ஆறரை மணி நேரம் இருந்தது.

அப்புறம் கோட்டைத் தாண்டி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அந்தப் பகலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இரண்டு மணிக்கு முள் நூற்றைந்துக்கு இறங்கியது. எழுந்து போய்க் கீழ்த் துளையை ஒரு விரல் அகலம் திறந்தேன். இருபது நிமிஷம் கழித்துத்தான் அது பேச்சைக் கேட்டது. மூன்று மணிக்கு மாமா வந்து, "தொறந்து பாரேன், வெந்துச்சான்னு" என்றார். வேண்டுமென்றேதான் சொன்னார். "பாக்கக் கூடாது மாமா" என்றேன். என் வாயிலிருந்தா இது என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வேகிறதா, கருகுகிறதா, அந்தப் பழைய கரி நடுவழியில் அணைந்துவிடுமா, ஒன்றும் தெரியாது. கையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தே முக்கால். மூடியைத் திறந்தேன். தொடை கருஞ்சிவப்பாக இருந்தது. கம்பி குத்தினேன், வெண்ணெயில் போகிற மாதிரி போனது. கூடையில் ஒரு கைப்பிடிக் கரி மீதி.

ஆறு மணிக்கு விளக்கேற்றினோம். வாழையிலையில் சோறு, முட்டை, சுருட்டு ஒன்று, நடுவில் கறி. எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே கொய்யாப் புகை வாசனை. கதவைத் திறந்த பிறகு செல்விதான் முதலில் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். ஒரு வருஷமாகக் கறி தொடாதவள். எல்லாரும் அவளையே பார்த்தோம்.

"உப்பு கம்மி" என்றாள். "அவருக்கும் எப்பவும் கம்மியாத்தான் விழும்." இன்னொரு துண்டு எடுத்தாள். மாமா திரும்பிக்கொண்டு தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிரியாணிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. கிளம்பும் முன் டிரம்மைத் துடைத்து, வாளி மணலில் அணைந்து கிடந்த என் கரியைப் பொறுக்கினேன். எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் போடலாம் என்று நினைத்தேன். செல்வி விடவில்லை. "அதுல அடுக்கிட்டுப் போண்ணே" என்றாள். அடுக்கினேன். நடுவில் குழி விட்டு மூடினேன். கோட்டைச் சுரண்டிவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். நீ திரும்ப வருவல்ல?"

பஸ்ஸில் ஜன்னலோர இடம். ஆலப்பாக்கம் தாண்டியது. மூடியைச் சரியாகப் போட்டேனா, தார்ப்பாயைக் கட்டினேனா என்று மனசு அரித்தது. போனை எடுக்கவில்லை. எட்டரைக்கு வண்டியில் படுதாவை விலக்கி, பெட்டியில் ஓட்டுக் கரி போட்டு நெருப்பு வைத்தேன். விசிறியை எடுத்தேன். உடனே விசிறாமல் கொஞ்ச நேரம் கரி தானாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது போன் அடித்தது. செல்வி.

"என்னாண்ணே, ஒரு போனும் காணோம்? ஊர் போய்ச் சேந்தியா இல்லியா? இங்க உக்காந்து பயந்துகிட்டு இருக்கேன்."