நேசன் அண்ணனும் அரை மணி நேரமும்

நாடு மறுபடியும் பழைய நேரத்துக்குத் திரும்பிய அன்று, கந்தப்பளையில் என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை அரை மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. நேசன் அண்ணனின் மனைவி. "இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார் அக்கா. விடிய நெஞ்சு நோகுது எண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே..." நான் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவியே மீண்டும் அழைத்து, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார். நேசன் அண்ணனை அறிந்த உங்களுக்குத் தெரிந்த நல்லதெல்லாம் எனக்கும் தெரியும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நுவரெலியா நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சிறிய அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். நான் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக அங்கே ஒரு விசித்திரமான வேலை நடந்தது. ஆயுள் முடிந்துபோன செயற்கைக்கோள் ஒன்று, தன்மேல் வந்து மோதிய நுண்துகள்களை வருடக்கணக்கில் எண்ணி அனுப்பிய பதிவுகள் எங்களிடம் வரும். அவற்றில் பிழைகள் மலிந்திருக்கும். வரும் வழியில் சிதைந்த எண்கள், இரண்டு தரம் பதிந்த வரிகள், எண்ணி எண்ணி நிரம்பிப்போய் பூச்சியத்துக்குத் திரும்பிய இடங்கள். அவற்றைத் தேடித் திருத்துவதுதான் எங்கள் சம்பளத்துக்கான உழைப்பு. ஊரில் யாராவது கேட்டால் "கம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஒரு பக்கம் முழுக்க எண்கள் தாறுமாறாக ஏறிக் கிடந்தன. குப்பை என்று நினைத்து அழிக்கப் போனேன். பக்கத்து மேசையிலிருந்து நேசன் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். "அழிக்காதேங்கோ தங்கச்சி. கூடின எண்ணெல்லாம் பிழையில்லை. சூரியன் கோவிச்ச நாளாவும் இருக்கலாம். பக்கத்திலை ஒரு குறி போட்டுவிடுங்கோ. நாளைக்கு வாற ஆள் யோசிக்கட்டும்." தேடிப் பார்த்தால் அது உண்மையிலேயே பெரிய சூரியப் புயல் அடித்த நாள். அடுத்த மாதம் அவரே அப்படி ஒரு பக்கத்தை அழிக்கப் போனபோது நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவருடைய சிரிப்பு உங்களுக்குத் தெரியும்தானே.

"என்ரை கண்ணை நானே நம்பமாட்டன், உங்கடை கண்ணும் வேணும்" என்பார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவர் கணினியில் திறந்து திருத்திய கோப்பை, மற்றவர் தன் கணினியில் சரிபார்த்துச் சேமிக்க வேண்டும். எங்கள் மென்பொருள், கோப்பைத் திறக்கும்போது கிரீன்விச் நேரத்தை இலங்கை நேரமாக்கிக் காட்டும். சேமிக்கும்போது மறுபடி கிரீன்விச் நேரமாக்கிவிடும். அது கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தைத்தான் நம்பியிருந்தது.

அந்த வருடம்தான் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. தள்ளி, குறைத்து, கடைசியில் அரை மணி நேரம் முன்னே வந்து நின்றது. தோட்டத்தில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. மதிய இடைவேளையில் நேசன் அண்ணனிடம் சொன்னேன்: "எங்க அப்பா இன்னும் பழைய நேரத்துலதாங்கண்ணே இருக்காரு. புது நேரம் தொரைக்கு, பழைய நேரம் பெரட்டுக்குங்கிறாரு." காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டைப் பற்றி அவருக்கு அதற்கு முன்பே நிறையச் சொல்லியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "என்ரை அம்மாவும் அப்பிடித்தான் தங்கச்சி. வன்னியிலை பழைய நேரம்தான் ஓடுது" என்றார். அவர் அம்மா இடம்பெயர்ந்து தங்கியிருந்த வன்னி அப்போது போராளிகளின் கையில் இருந்தது; அரசாங்கத்தின் புது நேரத்தை அங்கே ஏற்கவில்லை. பிறகு தன் கணினித் திரையின் மூலையைக் காட்டினார். அதன் கடிகாரத்தை அவர் மாற்றவேயில்லை. "இதைப் பாத்தா, அம்மா இப்ப விளக்கு வைக்கிறா எண்டு தெரியும்." என் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடிகாரம் எங்கள் கோப்புகளை என்ன செய்யும் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

சில மாதங்களில் வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. ஒரு கணினியில் பழைய நேரத்தில் திறந்து, மற்றதில் புது நேரத்தில் சேமித்த எங்கள் கோப்புகள் அரை மணி நேரம் தவறியிருந்தன. அந்தச் செயற்கைக்கோள் அரை மணி நேரத்தில் பூமியில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றிவிடும். தென்னமெரிக்காவுக்கு மேலே இருக்க வேண்டிய துகள் கூட்டம், நாங்கள் திருத்திய கோப்புகளில் வேறெங்கோ நடுக்கடலுக்கு மேலே நின்றது. ஒரு கணினியின் நேரம் தவறியிருக்கிறது, யார் வேலை என்று மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். நேசன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "என் கணினியில் இவவும் வேலை செய்வா. தோட்டத்தில் இன்னும் பழைய நேரம்தான். அந்தப் பழக்கத்தில் மாற்றியிருப்பா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. "லயத்து ஆட்களுக்கு நேரம் காலம் ஏது" என்று மேலாளர் சொன்னபோதும் அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி என் மேசைக்குப் போனேன். அன்று மாலையே என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "வேல முடிஞ்சிருச்சுப்பா" என்று மட்டும் சொன்னேன். தன் பழைய நேரத்தைச் சாட்டித்தான் வேலை போனது என்று தெரியாமலே அப்பா கண்ணை மூடினார்.

நேசன் அண்ணன் ஏன் பயந்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வன்னி நேரத்தைக் கணினியில் வைத்திருக்கிறார் என்று வெளியே தெரிந்திருந்தால், அந்த நாட்களில் அது வேலையோடு முடிந்திருக்காது. பொலிஸ் வந்திருக்கும். ஆனால் வெளியே கூப்பிட்டு, "தங்கச்சி, என்னைக் காப்பாத்துங்கோ" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான்தான் மாற்றினேன் என்று நானே சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சிநேகமாகச் சொன்ன என் அப்பாவின் பெரட்டை எடுத்து என் மேலேயே வீசினார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதன்பின் கந்தப்பளைப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கச் சேர்ந்தேன். ஒருமுறை இறம்பொடைக் கோயில் படியில் அவரைக் கண்டேன். மனைவியிடம் என்னை, "இவதான் என்னோடை வேலை செய்த கெட்டிக்காரி" என்று அறிமுகப்படுத்தினார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று செருப்பைப் போட நேரம் எடுத்துக்கொண்டேன். மழை வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி அவர் சொல்லப் போவதும் இல்லை.

அவர் மனைவி கேட்ட நல்ல வார்த்தைகளை மேலே எழுதிவிட்டேன். அவற்றில் ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பழக்கம்தான். எதையும் அழிப்பதில்லை, பக்கத்தில் குறி போடுகிறேன். என் மாணவர்களின் கணக்குகளுக்கும் அப்படித்தான் செய்கிறேன். நேசன் அண்ணனுக்கும் அதையே செய்கிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் கூடியிருக்கும் இந்த மலரில், அவர் சொல்லாமல் போனதை நான் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கணினியின் நேரத்தை நான் தொடவில்லை.