கூரை தாங்கும் என்று நான் போட்ட கணக்கு

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் நான். அதனால் வீட்டில் சோலார் மாட்டுவது என்று முடிவானதும், எந்தக் கூரை தாங்கும் என்று இன்னொருவரைக் கேட்பதே எனக்குக் கேவலமாகப் பட்டது.

வீட்டின் முன்பாதி தளம் போட்டது. ஆனால் பக்கத்து மூன்று மாடி வீட்டின் நிழல் முழுநாளும் அதன் மேல்தான். நல்ல வெயில் விழுவது பின்பாதியில், சமையலறைக்கு மேலே. அங்கே பழைய சிமென்ட் ஷீட்.

"அத மாத்திட்டு மாட்டலாங்க. மழைக்கு ஒழுகுது" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது" என்றேன். பேனல் எடை, பரப்பளவு எல்லாம் நோட்டில் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன்.

பக்கத்து அனந்தபுரத்திலிருந்து சோலார் மாட்டும் பெண் வந்தார். ஏணியில் நின்றபடியே ஷீட்டைத் தட்டிப் பார்த்தார். "இது தாங்காது சார். ஓடு போட்டாலும் நடந்தா ஒடையும். இரும்புச் சட்டம் அடிச்சு தகர ஷீட்டு போட்டுக்குங்க."

நோட்டை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"பேனலு வெயிட்டு சரிதான் சார். மாட்டறதுக்கு ரெண்டு பேரு மேல நடக்கணுமே? காத்தடிச்சா பேனல தூக்குமே? அது எங்க இருக்குது?"

எங்கேயும் இல்லை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நான் நடந்து காட்றேன்" என்று ஏறினேன். "வேணாம் சார், வேணாம்" என்று அவர் கத்தியது காதில் விழத்தான் செய்தது. இரண்டடி வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. 'பாத்தீங்களா' என்று சொல்லத் திரும்பினேன். வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது.

கீழே நைனா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, கூரைலேருந்து காலு வருது?"

"உங்க புள்ளதான் மாமா. கணக்கு போட்டாரு."

மேலே நான் ஓட்டையில் தெரிந்த மரச்சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பலகை ஒன்றைப் போட்டு, அதில் குப்புறப் படுத்து, அக்குளில் கை கொடுத்து இழுத்தார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல். "வண்டியிலேருந்து விழுந்துட்டேன்" என்று நர்ஸிடம் சொன்னேன். மனைவி உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள்.

நான் காலை நீட்டிப் படுத்திருந்த நாட்களில் மனைவியும் அந்த சோலார் பெண்ணும் பேசி முடித்துவிட்டார்கள்: இரும்புச் சட்டம், தகர ஷீட், அதன் மடிப்பிலேயே கிளிப் போட்டு பேனல். ஓட்டை போடாததால் ஒழுகாதாம். என்னிடம் கேட்டது நிறம் மட்டும்தான். சிவப்பு என்றேன். வெயில் உள்ளே இறங்காது என்று வெள்ளை போட்டார்கள்.

இப்போது வெயில் நேரத்தில் ஃபேன், மிக்ஸி, மோட்டார் எல்லாம் சோலாரில்தான் ஓடுகின்றன. ஐப்பசி மழையிலும் சமையலறை நனையவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய வாரம் ஒன்பதாம் வகுப்பில் அழுத்தம் பற்றிய பாடம். நான் விழுந்த கதை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மாணவி எழுந்து, "சார், நீங்க விழுந்தது எடையாலயா, அழுத்தத்தாலயா?" என்று கேட்டாள்.

ரெண்டாலயும்தான் என்று சொல்லி, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.