கிணற்றைத் தாண்டிய வாசிப்பு

முன்பு நான் காய்கறி மண்டியில் ஏலம் கூவினேன். என் குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும். பிறகு தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் போனது. இப்போது பேசினால் காற்றுதான் வரும்.

சோறும் அப்படித்தான். சின்னச் சின்ன வாயாக, தண்ணீரோடு இறங்கும். அவசரப்பட்டால் புரையேறும்.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கல்யாணம். என் பந்தியில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நான் பாதி இலையில் இருந்தேன். இலை எடுக்கிறவன் பின்னாலேயே நின்றான். என் மனைவியின் தம்பி சொன்னான், “மெதுவா சாப்பிடு மாமா. ராத்திரி ரிசப்ஷனுக்கும் உனக்கு இதே எலைதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நாலு பேர் நடுவில் சாப்பிடுவதை விட்டேன். வீட்டில்கூடச் சுவரைப் பார்த்து உட்காருவேன்.

அதே மச்சான்தான் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தான். பெங்களூருக்கு வெளியே பெனடிக்டின் என்கிற கிறிஸ்தவத் துறவிகள் மடம் ஒன்று இருக்கிறது. அவன் அங்கே சமையல். நான் கோயில் பெருக்குகிறேன். பெஞ்சு துடைப்பேன், மணி அடிப்பேன். மதியச் சோற்றை டப்பாவில் எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் ரூம் பின்னால் போய்விடுவேன்.

வருஷத்துக்கு ஒரு நாள், கோயிலை மந்திரித்துத் திறந்த நாள் வரும். அன்றைக்கு வேலையாட்களும் துறவிகளோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிடக் கூடாது. லீவு போடலாம் என்று பார்த்தேன். மனைவி விடவில்லை.

“போய் ஒக்காரு. எறங்கறது எறங்கட்டும்.”

போனேன். நீள மேஜைகள். யாரும் பேசவில்லை. சாப்பிடும்போது பேசாமல் இருப்பது அவர்கள் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. எதையும் கேட்டு வாங்கக் கூடாது. உனக்கு என்ன வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவன்தான் பார்க்க வேண்டும். மடத்துத் தலைவர் மரச்சுத்தியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் சாப்பாடு முடிந்தது. அதுவரை யாரும் எழக் கூடாது.

ஒருவர் மட்டும் நின்றுகொண்டு வாசித்தார். அன்றைக்கு மடத்தின் வரலாறு. வேலையாட்களுக்கும் புரியட்டும் என்று கன்னடத்தில்.

வெளிநாட்டிலிருந்து சில துறவிகள் வந்தார்களாம். அப்போது அங்கே ராகிக் காடு. பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். புழுத் தட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு அங்கேயே பூசை வைத்தார்கள். பிறகு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் பாறை வந்தது. உடைத்தார்கள். அந்தக் கல்லில்தான் கோயில் சுவர் எழும்பியது.

நான் தினமும் துடைக்கிற சுவர். கிணற்றிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் எல்லாத் தட்டும் காலி. என் தட்டில் பாதி இருந்தது. தலைவர் கையில் சுத்தி. தட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாசிப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பவர் அடுத்த பக்கம் திருப்பினார்.

சோற்றை அப்படியே விட்டுவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து வயசான பிரதர் ஒருவர். திரும்பிக்கூடப் பார்க்காமல் என் சோற்றில் ரசம் ஊற்றினார். தளர்ந்த சோறு இறங்கியது.

வாசிப்பு போய்க்கொண்டே இருந்தது. மணி கப்பலில் வந்ததாம். தொங்கவிட கோபுரம் இல்லை. பலாமரத்தில் கட்டினார்கள். முதல் நாள் அடித்தபோது எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஊர்க்காரர்கள் குடத்தோடு ஓடி வந்தார்களாம். வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினார்களாம்.

பேசக் கூடாது என்றுதான் சட்டம். சிரிக்கக் கூடாது என்று இல்லை போல. மேஜையே குலுங்கியது. நானும் சிரித்தேன். புரையேறவில்லை. கடைசி வாய் இறங்கியது. அப்புறம்தான் சுத்தி தட்டியது.

வெளியே வந்ததும் வயசான பிரதர் என் தோளைப் பிடித்தார்.

“ஏம்பா, நான் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு வருஷமும் இந்த வாசிப்பு கிணத்தைத் தாண்டினதில்ல. பாறை வரும், எங்க ஆளுங்க பாயசத்தக் குடிச்சிடுவாங்க, பெரியவர் தட்டிடுவாரு. இந்த வருஷம் உன் புண்ணியத்துல மணி வரைக்கும் வந்துட்டோம். அடுத்த வருஷம் இன்னும் மெதுவா சாப்பிடு. கோபுரம் பாக்கி இருக்கு.”

கிண்டல்தான். ஆனால் வலிக்கவில்லை. மச்சான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து சமையல்கட்டில் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தான்.

ரொம்பப் பெரிய உதவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதும். அவர்கள் நல்லா இருக்கணும்.

விருந்தன்று சாயங்காலம் ஜோகுபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மனைவி பார்த்தாள். தன் தட்டையும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு மடத்துச் சட்டம் கிடையாது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ஆரம்பித்து அவள் அக்கா மருமகள் வரைக்கும் பேசினாள். பேசப் பேச அவள் சோறு ஆறியது. நான் என் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கை கழுவினோம்.