கடிகாரத்துக்குக் கீழே நில்லுங்கள்

அந்த ரயில் அட்டவணையைக் குப்பைக் கூடையிலிருந்துதான் எடுத்தேன். உல்லாசக் கப்பலின் ஏழாவது தளத்து அறையொன்றில் தங்கியிருந்த வயதான தம்பதி அதை நாலாக மடித்துப் போட்டுவிட்டு ஊர் பார்க்கப் போயிருந்தார்கள். சிவிடவெக்கியா துறைமுகத்திலிருந்து ரோமுக்குப் போகிற வண்டிகள், திரும்புகிற வண்டிகள், எல்லாம் இத்தாலிய மொழியில். எனக்கு எண் படிக்கத் தெரிந்தால் போதாதா? படுக்கை விரித்து, துண்டை அன்னம் மாதிரி மடித்து வைத்துவிட்டு, அட்டவணையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கப்பலின் அடித்தளத்துக்கு ஓடினேன். அங்கே சலவைக் கூடத்தில்தான் மாஸ்டர் வேலை பார்த்தார்.

மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டோமே தவிர அவரும் ஒரு சலவைத் தொழிலாளிதான். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பம். மேட்டூர் திறக்கும் என்று நம்பி நாற்று விட்டு ஏமாந்த வருடங்கள் அவை. தஞ்சாவூரில் தெருவுக்கொரு கேட்டரிங் இன்ஸ்டிட்யூட் முளைத்து, டெல்டாப் பையன்களைக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நான் பேராவூரணியிலிருந்து அப்படித்தான் போனேன். மாஸ்டர் எனக்கு முன்னாலேயே போனவர். சேர்ந்த அன்றே மீசையை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். அந்த மீசைக்காக அவர் அழுத கதையைச் சொல்லிச் சொல்லி அவரை நாங்கள் ஓட்டுவோம்.

வீட்டில் தன்னைச் சூப்பர்வைசர் என்று சொல்லிவைத்திருந்தார். பிளீச்சிங் நீர் தினமும் பட்டுப்பட்டு அவர் விரல் நுனிகள் வெளிறி, கணுக்களில் வெடித்துக் கிடக்கும். லீவுக்கு ஊருக்குப் போக ஒரு மாதம் இருக்கும்போதே என்னிடம் வந்து தேங்காயெண்ணெய் கேட்பார். எங்கள் தோப்புக் காயில் ஆட்டிய எண்ணெயை ஒரு பாட்டில் எப்போதும் பெட்டியில் வைத்திருப்பேன். ராத்திரியும் பகலும் தேய்த்து, கையை ஒரு சூப்பர்வைசர் கையாக்கிக்கொண்டுதான் விமானம் ஏறுவார்.

அவருடைய ஒரே தங்கை கன்னியாஸ்திரீயாகி ரோமில் ஒரு மடத்தில் இருந்தார். போய் ஒன்பது வருடம். மடம் நடத்திய முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதாகக் கடிதம் வரும். எல்லாக் கடிதத்திலும் ஒரே நலம், ஒரே ஜெபம். மாஸ்டரின் அம்மாவுக்குத்தான் அந்தக் கடிதங்களில் நம்பிக்கையில்லை. கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "கடுதாசியில யாரு வேணா நல்லாருக்கேன்னு எழுதலாம். நீ நேர்ல போயி அவ மொகத்தப் பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு அது போதும்."

கப்பல் பத்து நாளைக்கொரு முறை சிவிடவெக்கியாவைத் தொட்டது. கரையில் நிற்கும்போதும் பாதிப் பேர் பாதுகாப்புக்காகக் கப்பலிலேயே இருக்க வேண்டும். முதல் இரண்டு முறையும் மாஸ்டர் பெயர் அந்தப் பட்டியலில் விழுந்தது. மூன்றாவது முறைதான் கடைசி. அதற்கப்புறம் கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்விடும், அவருடைய ஒப்பந்தமும் அங்கேயே முடியும். ஆகவே நான் திட்டம் போட உட்கார்ந்தேன். நேரம் என்றால் எனக்கு உதறல். ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே போய் நிற்கிறவன் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். பன்னிரண்டுக்கு வேலை முடியும். பன்னிரண்டு நாற்பது வண்டி. ரோமின் சான் பியேத்ரோ ஸ்டேஷனில் ஒன்றரைக்கு முன்னால் இறங்கிவிடலாம். திரும்ப இரண்டு ஐம்பத்திரண்டு. நாலரைக்குள் கப்பலில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வண்டியென்றால் முக்கால் மணி நேரம் தாமதம். பாஸ்போர்ட் கப்பல் ஆபீஸில் இருக்கிறது. கப்பலைத் தவறவிட்டால் வேலையும் போய், அந்நிய ஊரில் போலீஸ் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

தங்கைக்கு மூன்று மணி வரைதான் வெளியே அனுமதி. மடத்துக்குப் போய்வர நேரமில்லாததால் ஸ்டேஷனிலேயே சந்திப்பது என்று முடிவாயிற்று. கடிதத்தை மாஸ்டர் எழுத, எங்கே நிற்பது என்பதை நான்தான் சொன்னேன்: "கடிகாரத்துக்குக் கீழ நிக்கச் சொல்லுங்கண்ணே. அது எங்கேயும் போயிடாது." என் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை. ஒரு வாரம் கழித்து மாஸ்டர் மடத்துக்குப் போன் செய்தபோது, எடுத்த மதர் அரைகுறை ஆங்கிலத்தில், "யெஸ், யெஸ், ஸ்டேஷன், க்ளாக்" என்றாராம்.

அன்று வண்டி இருபது நிமிடம் தாமதம். மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அட்டவணையைப் பிரிப்பதுமாக இருந்தேன். இறங்கிய பிளாட்பாரம் முழுக்கக் கன்னியாஸ்திரீகள். கறுப்பு, வெள்ளை, சாம்பல், நீலம் என்று எல்லா நிறத்திலும். எதிர்ப்பட்ட அத்தனை பேருக்கும் மாஸ்டர் தலை குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார். திரும்பும் வண்டி வருகிற பிளாட்பாரத்துக்குச் சுரங்கப்பாதை வழியாகப் போய், அங்கே தொங்கிய கடிகாரத்துக்குக் கீழே நின்றோம்.

கால் மணி நேரம் போயிற்று. அரை மணி நேரம் போயிற்று. மாஸ்டர் வெள்ளைப் புடவையைத் தேடிக்கொண்டிருந்தார். திருச்சி மடத்திலிருந்து விமானம் ஏறும் முன் தங்கை எடுத்துக்கொண்ட போட்டோவில் வெள்ளைப் புடவைதான் இருந்தது. "வரல போலருக்கு தம்பி. மதர் விடலையோ என்னமோ." நான் "வருவாங்கண்ணே, வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால். வண்டி அதே பிளாட்பாரம்தானா என்று அறிவிப்புப் பலகையைப் பார்க்க ஓடினேன். அதுதான், தாமதமும் இல்லை. திரும்பி ஓடிவரும்போது இருந்த பதற்றத்தில், எங்கள் ஊர்ச் சந்தையில் கூப்பிடுவது மாதிரி கத்தினேன்: "அண்ணே, வண்டி வருதுண்ணே! ஏறிடலாம் வாங்க!"

எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு கன்னியாஸ்திரீ சட்டென்று திரும்பினார். சாம்பல் நிறத்தில் முழங்காலுக்குக் கீழ் வரை அங்கி, தலையில் அதே நிறத்தில் முக்காடு. அவருடைய தலைக்கு மேலேயும் ஒரு கடிகாரம் தொங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் ஒரு கடிகாரம். எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில். தங்கையும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்தானே, நாங்கள் வந்து இறங்குகிற பிளாட்பாரத்துக் கடிகாரத்தின் கீழே நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறார். அவரைக் கடந்துதான் நாங்கள் போயிருக்கிறோம். மாஸ்டர் அவருக்கும் வணக்கம் வைத்திருப்பார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் புடவையைத் தேடினார் அண்ணன், அந்தப் பக்கம் மீசையைத் தேடினார் தங்கை. ஒரு மணி நேரமாக இருவரும் பார்த்துப் பார்த்து விலகியிருக்கிறார்கள்.

"அண்ணே!" என்று தங்கை கத்தியதும் மாஸ்டர் திரும்பினார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கை சுரங்கப்பாதைப் படிகளில் ஓடினார். அவர் இந்தப் பக்கம் ஏறி வருவதற்கும் வண்டி உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

"மீசை எங்கண்ணே?" என்று சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே அழுதார். "அம்மா எப்படி இருக்கு? ஆத்துல தண்ணி வந்துச்சா?" மாஸ்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வந்துச்சு, வந்துச்சு" என்றார். தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கதவில் ஒரு காலும் பிளாட்பாரத்தில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "அண்ணே, கதவு மூடிடும்ணே" என்று மாஸ்டர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இழுத்தவன் நான்தான். விசில் ஊதியது. உள்ளே வந்து விழுந்தோம், கதவு மூடிக்கொண்டது.

கப்பலை விட்டு ஊரோடு வந்து, தோப்பைப் பார்த்துக்கொண்டு வருடங்கள் ஆகிவிட்டன. என் மருமகன் துபாயிலிருந்து சாப்பிடுகிற தட்டைக்கூட வீடியோவில் காட்டுகிறான். அவன் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டையின் நுனி கையில் இருப்பது போலத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கப்பல் போயிருக்கும். இரண்டும் உண்மை, இரண்டும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

அன்று திரும்பும் வண்டியில் வெகுநேரம் மாஸ்டர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேற்றுவதற்காக, "மொகம் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. சிரிச்சாங்கள்ல" என்றேன்.

"மொகத்த எங்க தம்பி பாத்தேன்" என்றார். "கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியல. கையத்தான் பாத்தேன். நீ பாத்தியா அந்தக் கைய?"

நான் பார்க்கவில்லை.

"பிளீச்சிங் கை தம்பி. விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கு. எனக்குத் தெரியாதா? கெழவிகளப் பாத்துக்கிறேன்னு ஒம்பது வருசமா எழுதுறா. துணி தொவைக்கிறா."

துறைமுக வாசலில் போன் கூண்டு இருந்தது. கையெழுத்துப் போட இன்னும் பன்னிரண்டு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மாஸ்டர் கார்டைச் செருகி ஊருக்குப் போட்டார். வெளிநாடு தூரம் என்பதால் அவர் அம்மா எப்போதும் கத்தித்தான் பேசுவார். கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பாத்தியாடா? புள்ளயப் பாத்தியா? மொகம் எப்படிடா இருக்கு?"

"பாத்தேம்மா. நல்லா இருக்கா. சிரிச்சா, பேசினா."

"நெசமா சொல்லு."

"நெசமாம்மா. ஒரு கொறையும் இல்ல. கையெல்லாம் பூ மாதிரி இருக்கும்மா."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மாவின் குரல் முதல் தடவையாகத் தணிந்து வந்தது. கேட்பதற்கு நான் கூண்டுக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்ட வேண்டியிருந்தது.

"நான் மொகத்தத்தானேடா கேட்டேன்."

மாஸ்டர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. கார்டு தீர்ந்து லைன் தானாகக் கட்டாகும் வரை இரண்டு பேரும் பேசாமலே இருந்தார்கள்.