சாயம் தின்னாத புழு

1. நகராட்சியின் பூச்சியியல் ஆய்வாளராக, காலையில் சின்ன காஞ்சிபுரத்துக் குளத்தில் தட்டான்பூச்சியின் லார்வாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
2. கொசு ஒழிக்க வந்த மேஸ்திரி படியில் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தார்.
3. அந்த நெடி என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோனது.

அப்பா சாயம் போட்ட பட்டு நூலை அலசும் தொட்டி பின்கட்டில் இருந்தது. அதில் தட்டான் லார்வாக்கள் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்பதைத் தினமும் பார்ப்பேன். "பட்டு அலசுற தண்ணில புழுவா?" என்று அத்தை ஒருநாள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டாள். எல்லாம் செத்தன. மறுநாள் அது தெரியாமல் அப்பா அரக்கு நிறப் பட்டு நூலை அதில் முக்கினார். நிறம் திட்டுத்திட்டாக வெளுத்தது.

"உன் பொண்ணு வளத்த புழுதான் சாயத்தத் தின்னுடுச்சு, அண்ணே" என்றாள் அத்தை.

"புழு இல்லப்பா. அத்தை போட்ட பவுடரு."

"பெரியவங்கள எதுத்துப் பேசிக்கினு இருக்கிறியா?" என்று அப்பா அறைந்தார். நான் மறுபடியும் அதையே சொன்னேன்.

இன்று மேஸ்திரி ஒரு தாளை நீட்டினார். "குளத்துல காப்பாத்த வேண்டியது ஒண்ணுமில்லன்னு கையெழுத்துப் போடுங்கம்மா. வெறும் புழுதானே இருக்குது?"

"அந்தப் புழுதாண்ணே கொசுப்புழுவத் திங்குது. இதக் கொட்டினா ரெண்டும் சாவும், கொசு மட்டும் திரும்பி வரும். போட மாட்டேன்."

"மேல கேப்பாங்கம்மா."

"என் பேரச் சொல்லுங்க."

என் கையெழுத்து இல்லாமல் குளத்தில் பவுடர் கொட்ட முடியாது. நான் போடவில்லை.