புதுக் கேப்டனை அப்பா விசாரித்தது

போன மாதம் அப்பா மலையிலிருந்து போன் செய்தார். சிக்னல் கிடைக்கும் பாறை வரைக்கும் ஏறிப்போய் அவர் பேசுகிறார் என்றால், யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றுதான் அர்த்தம். பதறிப்போய் எடுத்தேன். "ஏம்மா, நம்ம கப்பல்லேர்ந்து இன்னொன்னு வருதாமே, நெசமா?" என்றார். அதற்குத்தான் அந்த ஏற்றம். நானும் காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது டிவியில் பார்த்த பழைய தொடரிலிருந்து மறுபடியும் ஒரு புதுக் கிளை வரப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். இன்னும் ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. அதற்குள் உலகத்தில் உள்ள ரசிகர்கள் எல்லாம் கூடி, இது தேறாது என்று தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். அப்பாவும் நன்றாக நாலு வாங்கு வாங்குவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். "வரட்டும், பாத்துட்டு சொல்லலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

அப்பா வாயில் இந்த வார்த்தை எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். பாதிதான் தெரியும் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் நாலாம் வகுப்பு படித்த காலம் அது. ஜமுனாமரத்தூரிலிருந்து மலைக்குள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் அப்போது டிஷ் வைத்த வீடுகள் குறைவு. எங்கள் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் பேசவைத்துப் போடுவார்கள். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் அது வெறும் கப்பல். வானத்தில் ஒரு கப்பல் கிரகம் கிரகமாகப் போகும். போன இடத்தில் எல்லாம் ஏதாவது பஞ்சாயத்து இருக்கும். கேப்டன் அதைத் தீர்த்துவைத்துவிட்டு அடுத்த கிரகத்துக்குக் கிளம்புவார். நெற்றியில் எலும்பு துருத்திய வேற்றுக்கிரகத்துக்காரர்கள் மேடைத் தமிழில் சண்டைக்கு வருவார்கள். எங்களுக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகத் தெரியவில்லை. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டுக்காரர்கள் எல்லாருமே எங்களுக்கு அப்படித்தான் இருந்தார்கள்.

அப்பா சாமை விதைக்கிறவர். அவர் கப்பலைப் பார்க்கும் விதமே தனி. ஒரு கிரகத்தில் இறங்கினால், இந்த மண்ணில் என்ன விளையும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தக் கப்பலுக்குள்ளே ஒரு தோட்டம் இருந்தது. பெரிய சண்டை எல்லாம் முடிந்தபிறகு கேப்டன் தனியாக அங்கே போய் ஒரு செடியைத் தொட்டுப் பார்ப்பார். அந்த ஒரு காரியத்துக்காகவே அப்பா அவருக்கு அடிமை. கேப்டனுக்குக் குரல் கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அடித்தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாமல் வரும் குரல் அது. அப்பா கோபம் வந்தால் அந்தக் குரலில்தான் எங்களை அதட்டுவார். நாங்கள் பயப்படுவதற்குப் பதில் சிரித்துவிடுவோம்.

அந்தத் தொடர் ஒருநாள் முடிந்துபோனது. கொஞ்ச நாள் கழித்து அதே நேரத்தில் புதிதாக ஒன்று வந்தது. அதே வானம், அதே சீருடை, ஆனால் வேறு கப்பல். பழைய கேப்டனிடம் வேலை பார்த்த ஒரு பையன் இதில் கேப்டன். மீசைகூட சரியாக முளைக்கவில்லை. அது போகட்டும் என்றால், பழைய கேப்டனின் குரலை இதில் வில்லனுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் அந்த வில்லன் வாயைத் திறந்ததும் அப்பா பாதி எழுந்து நின்றுவிட்டார். குலதெய்வத்தின் நகையைத் திருடன் கழுத்தில் பார்த்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் அழுதேவிட்டேன்.

அன்றிலிருந்து நானும் அப்பாவும் ஒரு கட்சி. இந்தக் கப்பலில் தோட்டம் இல்லை, மாத்திரை தின்கிறார்கள். கதவு திறக்கும் சத்தம் தப்பு. பழைய கப்பலில் இருந்த டாக்டர் அம்மாவை எங்கே காணோம்? பழைய பேரைப் போட்டு ஏமாற்றுகிறார்கள். இப்படி வாரா வாரம் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தோம். எதிர்க்கட்சியில் சின்னக்கா மட்டும். அவளுக்கு அந்தப் புதுக் கேப்டனைப் பிடித்திருந்தது. எதையாவது செய்வதற்கு முன்னால் அவன் பயப்படுகிறான், அது நன்றாக இருக்கிறது என்பாள். பயப்படுகிறவன் என்ன கேப்டன் என்று நாங்கள் அவளை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் பெரியக்கா வீட்டுக்காரர், எங்கள் பெரிய மாமா, மலையின் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பலாப்பழத்தோடு வந்தார். தன் தம்பிக்கு சின்னக்காவைக் கேட்டார். தம்பி திருப்பத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலையில் இருந்தார். பெரிய மாமா தங்கமான மனுஷன். பெரியக்காவை அவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அப்பா ஆட்களைச் சேர்த்துக்கொண்டுபோய் அந்த ஊரையே கிளறி எடுத்துவிட்டு வந்திருந்தார். கிணற்றடியில் கேட்டார், டீக்கடையில் கேட்டார். ஆடு மேய்க்கிறவரை நிறுத்தி, இந்தப் பையன் எப்போதாவது வாயில்லா ஜீவனை எட்டி உதைத்திருக்கிறானா என்றுகூடக் கேட்டாராம். தம்பி விஷயத்தில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று அம்மா அடுப்படியில் இழுத்தாள். அப்பா அடித்துப் பேசினார். அண்ணன் இப்படி இருந்தால் தம்பி வேறு எப்படி இருப்பான்? அதோடு, பெண் கொடுத்த வீட்டையே மறுபடியும் விசாரித்தால் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்விடும். அதன்பிறகு பெரியக்காதானே அங்கே குத்தல் பேச்சு வாங்கவேண்டும். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா சொன்னதை எங்கள் பக்கத்தில் யாருமே தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வழக்கம்போல உட்கார்ந்தோம். அன்றைக்கு அப்பா நல்ல வேகத்தில் இருந்தார். இவனை யார் கேப்டன் ஆக்கியது, இத்தனை வருஷம் எங்கே இருந்தான், இவனுக்கு யார் ஜவாப்தாரி, கூட இருக்கிறவர்கள் இவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று டிவியைப் பார்த்து அடுக்கிக்கொண்டே போனார். நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்னக்கா கதவோரமாக நின்றிருந்தாள்.

"ஏம்ப்பா, பொட்டியில வர்றவன இத்தினி விசாரிக்கிறியே, எனக்குப் பாத்திருக்கிற ஆளப் பத்தி ஒரு வார்த்த விசாரிச்சியா?" என்றாள்.

அப்பா திரும்பினார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"பழைய கேப்டனப் பாத்துட்டு இவன வேணாங்கிற. அண்ணனப் பாத்துட்டு தம்பிய வேணுங்கிற. எதிர்ல இருக்கிற ஆள நீ ரெண்டுலயும் பாக்கவே இல்லப்பா."

டிவியில் அந்த வில்லன் எங்கள் கேப்டனின் குரலில் பேசிக்கொண்டே இருந்தான். அப்பா எழுந்துபோய் அதை நிறுத்தினார். பாதியில் கப்பலை நிறுத்தியது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. எனக்கு சின்னக்கா மேல் பற்றிக்கொண்டு வந்தது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவதுதானே, இதில் கேப்டனை எதற்கு இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று சொல்லித் திருப்பத்தூருக்குக் கிளம்பினார். எங்கள் மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அழுது அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன்.

கடைத்தெருவில் அந்தக் காயில் கட்டும் கடை. செம்புக் கம்பியும் வார்னிஷ் வாசனையுமாக இருந்தது. பெரிய மாமாவின் தம்பி எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெரிய மாமா கறுப்பு, கட்டுமஸ்தான ஆள். இவர் ஒல்லி. பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துக்கொள்வார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அப்பாவுக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

"தம்பி, நான் உன்ன விசாரிக்கத்தான் வந்திருக்கேன். ஊர்ல கேட்டா உங்க அண்ணனுக்கு அசிங்கம். அதான் உங்கிட்டயே கேக்கலாம்னு வந்துட்டேன்" என்றார்.

இப்படி ஒரு விசாரணையை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆளைப் பற்றி ஆளிடமே கேட்டால் எவன் தன்னைத் தப்பாகச் சொல்லிக்கொள்வான்? ஆனால் அவர் சிரித்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "என்னையும் யாரும் கேக்கலீங்க, மாமா" என்றார்.

அந்த இடத்தில் அப்பா என்னைப் போண்டா வாங்க எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டார். ஒரு நல்ல காட்சி வரும்போது கரெண்ட் போவதைப்போல எனக்கு எரிச்சலாக இருந்தது. எதிர்க்கடையில் நின்றபடி எட்டி எட்டிப் பார்த்தேன். அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். அப்பா ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. கடைசியில் அப்பா அவர் தோளில் கை வைத்தார். போண்டாவை எடுத்துக்கொண்டு நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்து, இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அப்பா பெரிய மாமாவைக் கூப்பிட்டு, சாமியிடம் பூ கேட்டேன், உத்தரவு வரவில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் மாப்ள என்று சொல்லிவிட்டார். இரண்டு பூவைத் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, சின்னப்பிள்ளை கையால் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வரவில்லை என்றால் அதற்குமேல் மலையில் யாரும் ஒரு பேச்சு பேசமாட்டார்கள். பெரிய மாமாவும் பேசவில்லை. ரெண்டு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுச் சமாதானமாகவே போனார். அப்பா பூ கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்போது பூ கேட்டாலும் எங்கள் வீட்டில் எடுக்கும் சின்னப்பிள்ளை நான்தான். சாமி பேரில் பொய் சொல்லிவிட்டாரே, இந்த வருஷம் மழை வராது என்று வெகுநாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வழக்கம்போல வந்தது. சாமியின் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

மறு வருஷம் அந்தத் தம்பி, கடைக்கு இரண்டு கடை தள்ளித் தையல் மிஷின் போட்டிருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர்கள் வேறு சாதி ஆட்கள். வீட்டில் பெரிய ரகளை. பெரிய மாமாவே முறைத்துக்கொண்டு நின்ற அந்தக் கல்யாணத்துக்கு அப்பா போய், முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வந்தார். காயில் கட்டும் கடையில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்தது என்பதும், பழியை ஏன் சாமி தலையில் போட்டார் என்பதும் வளர்ந்தபிறகு நானாகவே புரிந்துகொண்டவை. பையன் மனசில் வேறு பெண் இருக்கிறாள் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் அப்போதே வீட்டில் அகப்பட்டிருப்பான். பெரியக்கா பாடும் திண்டாட்டம் ஆகியிருக்கும். அப்பா அந்த ஒரு பொய்யை நன்றாகத்தான் சொன்னார்.

பூ விஷயம் சொன்ன அன்றைக்கே, நல்ல சேதியை முதலில் நான்தான் சொல்லவேண்டும் என்று சின்னக்காவைத் தேடி ஓடினேன். அவள் வீட்டுக்குப் பின்னால் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "கவலைய வுடுக்கா, அது நின்னு போச்சு" என்றேன். முறம் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. திருப்பத்தூருக்கு நீயும்தானே போனாய், அவரைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தார், இளைத்திருக்கிறாரா, என்ன சட்டை போட்டிருந்தார், தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். எனக்குச் சட்டை ஞாபகம் இல்லை. "பக்கத்துலதான் உக்காந்திருந்த, அதக்கூட பாக்கலியா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். வேண்டாம் என்று தள்ளிய ஆள் எந்தச் சட்டை போட்டிருந்தால் இவளுக்கு என்ன என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.

விசாரிப்பது என்றால் பிடிக்காமல் விசாரிப்பது என்றுதான் நான் அப்பாவிடம் கற்றிருந்தேன். பெரிய மாமா பெண் கேட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பெரியக்கா வீட்டுச் சாமை அறுப்புக்கு ஒத்தாசையாகப் போய் சின்னக்கா பத்துப் பதினைந்து நாள் தங்கிவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தம்பியும் திருப்பத்தூரிலிருந்து அங்கே வந்து போனார். பேசுவதற்கு முன்னால் சிரிக்கிற ஒருவரை, யாருக்கோ தம்பி என்பதற்காக இல்லாமல் அவருக்காகவே, தன் அப்பாவும் ஒருமுறை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். பிடித்துப்போனதால் ஒருத்தி விசாரிக்கச் சொல்வாள் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அப்பாவுக்கு எப்போது ஏறியது என்று இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா கேட்டது நடந்துவிட்டது என்பதுதான். அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "நீதான்க்கா ஜெயிச்ச" என்றேன்.

அவள் முறத்தை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"ஆமாடி, ஜெயிச்சிட்டேன்" என்றாள்.