பச்சை வயர்

இது நடந்தது. என் நண்பர்கள் நம்பவில்லை. நான் பரீட்சை எழுதினேன் என்பதையே நம்பாதவர்கள் அவர்கள். ஆனால் போனில் கால் பட்டியல் அப்படியே இருக்கிறது, நேரத்தோடு.

சனிக்கிழமை. பிற்பகல் 2.10. பேய்க்கு ஷிஃப்ட் நேரம் தெரியாது போலிருக்கிறது.

அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங். அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், மூன்று வாரம் முன்பு வாங்கிய பழைய கார். காரின் திரையில் பாட்டு ஓடுகிறது, நொடிகள் நகர்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. நாலு மணிக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். அவர்கள் மகள் குட்டிக்கு ஒன்றரை வயது. காரில் பாட்டு நின்றால் அழுவாள். சாதாரண அழுகை இல்லை. போன தடவை மூச்சு அடைத்து, உதடு நீலமாகி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"நாலு வருஷமா எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற. இதையாவது பண்ணு" என்று சாவியை எறிந்தார் அத்தான்.

"பண்ணலன்னா?"

"வழியெல்லாம் நீதான் பாடணும். குட்டிக்கு அது இன்னும் ஆபத்து."

பின் சீட்டில் இடப்பக்கம் குட்டியின் நாற்காலி. தொட்டேன். ஈரம். குட்டி மீது பழி போட்டேன். அவளுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. அவள் கடைசியாக அதில் உட்கார்ந்தது முந்தாநாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

2.18. மெக்கானிக்குக் கூப்பிட்டேன். எல்லோரும் ஃப்யூஸ் அண்ணன் என்போம். எதற்கும் முதலில் ஃப்யூஸ் போய்விட்டது என்பார். அவருக்கே சீக்கிரம் போய்விடும்.

"ம்யூட் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"ஃப்யூஸ்?"

"நல்லா இருக்கு."

"பேலன்ஸ் பாரு."

திரையில் கார் படம். சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும் புள்ளி, பின் இடது மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவுக்கு இழுத்தேன். விரலை எடுத்தேன். திரும்பவும் மூலைக்குப் போனது. மறுபடி இழுத்து, விரலை அழுத்தியே வைத்திருந்தேன்.

என் விரலுக்கு அடியிலிருந்து நழுவிப் போனது. அவசரமே இல்லாமல்.

"பேட்டரி வயரைக் கழட்டு. பாட்டு செட்டை வெளிய எடு" என்றார் அண்ணன். "ஸ்பீக்கர் வயரெல்லாம் ஜோடி ஜோடியா இருக்கும். ஒவ்வொரு ஜோடிலயும் ஒரு பென்சில் செல்லைத் தொட்டு எடு. டப்புனு சத்தம் வந்தா ஸ்பீக்கர் உயிரோட இருக்கு. பச்சை ஜோடி, பின்னாடி இடது."

செய்தேன். பேட்டரியைக் கழற்றினேன். செட்டை வெளியே இழுத்தேன். போனை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

வெள்ளை. டப்.

சாம்பல். டப்.

ஊதா. டப்.

பச்சை... ஒன்றுமில்லை.

2.36. செல்லைக் கீழே வைத்தேன்.

டப்.

பின்னாலிருந்து. இடப்பக்கம்.

மிச்ச மின்சாரம் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர். பச்சையில் இரண்டு தரம் தொட்டேன், விளையாட்டாக.

டப். டப். டப்.

நாலு தரம் தொட்டேன்.

எண்ணினேன்... ஐந்து.

"யாருடா பின்னாடி தட்றது?" போனில் அண்ணன்.

"யாருமில்லண்ணே."

"விளையாடாத. கதவைத் தட்றாங்க."

லைன் அறுந்தது. 2.41.

நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. 'க்ளக்.'

பேட்டரியை நானே கழற்றியிருந்தேன்.

கைப்பிடியை இழுத்தேன். கதவு நகரவில்லை. வெளியே தண்ணீர் அழுத்துவது போல் கனம்.

டப்டப்டப்டப்டப்...

இப்போது எண்ண முடியவில்லை.

அது என்னிடம் கெஞ்சவில்லை. திட்டிக்கொண்டிருந்தது.

பின் கண்ணாடியில் பனி. உள்பக்கம்.

என் கழுத்தில் ஈரமான மூச்சு...

2.47. லிஃப்ட் சத்தம். அத்தான். இடுப்பில் குட்டி, வீறிட்டு அழுதுகொண்டு. அத்தான் நேராகப் பின் இடது கதவுக்கு வந்தார், குட்டியை உட்காரவைக்க. வெளியிலிருந்து திறந்தார்.

சுலபமாகத் திறந்தது.

குட்டி சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"என்னடா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றார் அத்தான். செட்டை மாட்டினேன், பேட்டரியை இணைத்தேன். பாட்டு வந்தது. பின் இடப்பக்கம்தான் ரொம்பத் தெளிவு. வேண்டாம், பஸ்ஸில் போங்கள் என்றேன்.

"வேலையை முடிச்சிட்டு ஏன்டா பயமுறுத்துற?" என்றார். என் வாழ்க்கையில் அவரிடம் வாங்கிய ஒரே பாராட்டு. நாலு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வழியில் குட்டி ஒரு தடவைகூட அழவில்லையாம்.

அவர்கள் திரும்பி வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை, ஃப்யூஸ் அண்ணன் அந்தக் கதவின் உள் அட்டையைப் பிரித்தார். ஸ்பீக்கர் இல்லை. வெறும் ஓட்டை. பச்சை வயர் பாதியிலேயே வெட்டப்பட்டிருந்தது. தகரத்தில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையின் பெயரும் எண்ணும் பெயிண்டில் எழுதியிருந்தன. அண்ணன் அங்கே போன் போட்டுக் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது வேற வண்டியோட கதவு. ஏரிக்குள்ள போன வண்டி. பின்னாடி ஒருத்தன் மாட்டிக்கிட்டான். கதவைத் தட்டிட்டே இருந்திருக்கான். கரையில நின்னவங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கு."

"அப்புறம்?"

"ஒருத்தனும் வந்து திறக்கல."

அத்தான் அன்றே கதவை மாற்றிவிட்டார். காரில் இப்போது தட்டும் சத்தம் எதுவும் இல்லை. குட்டியும் அதற்குப் பிறகு அழுததே இல்லை. நல்ல பிள்ளை ஆகிவிட்டாள் என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

நேற்று மாலை 6.20. குட்டி தன் கட்டிலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். சும்மா, கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவள் மூன்று தட்டினாள்.

நான் நாலு.

அவள்... ஐந்து.

குட்டிக்கு இன்னும் எண்ணத் தெரியாது.

கம்பி ஈரமாக இருந்தது. இந்தத் தடவை நான் அவள் மீது பழி போடவில்லை.